காய்ச்சல் மருந்து: எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒரு முறை?

கேள்வி: என் மகளுக்கு ஒரு வயது இரண்டு மாதம். எடை 9 கிலோ. போன வாரம் சளியோடு காய்ச்சல் வந்து 102.6 வரை போனது. வீட்டில் பாராசிட்டமால் சிரப் இருந்தது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய டிராப்ஸும் இருந்தது. சிரப் 5 மில்லி மூன்று முறை, அது தீர்ந்ததும் டிராப்ஸ் 1 மில்லி இரண்டு முறை என்று 24 மணி நேரத்துக்குள் ஐந்து முறை கொடுத்துவிட்டேன். அதில் ஒருமுறை மூன்று மணி நேரத்திலேயே மறுபடி கொடுத்தேன். "1 மில்லி எந்த மூலைக்குப் போதும்? சிரப் மாதிரியே 5 மில்லி கொடு" என்றார் என் கணவர். பயந்துபோய் நான் கொடுக்கவில்லை. எத்தனை முறை கொடுத்தும் காய்ச்சல் 100-க்குக் கீழே இறங்கவில்லை. ஐஸ் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தேன், குழந்தை நடுங்கிவிட்டாள். கணவருக்குச் சிறு வயதில் காய்ச்சலோடு ஃபிட்ஸ் வந்திருக்கிறதாம். அந்தப் பயத்தில் இரவெல்லாம் அவளை எழுப்பி எழுப்பி தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். இப்போது நன்றாக இருக்கிறாள். அடுத்த முறை நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: டிராப்ஸை 5 மில்லி கொடுக்காமல் விட்டீர்களே, உங்கள் பயம் அன்று குழந்தையைக் காப்பாற்றியது. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். உங்கள் கணவரும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கட்டும். இரவு இரண்டு மணிக்கு மருந்து ஊற்றுவது யார் கையாகவும் இருக்கலாம்.

பாராசிட்டமாலின் அளவை வயது தீர்மானிப்பதில்லை, குழந்தையின் எடை தீர்மானிக்கிறது. ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 9 கிலோ குழந்தைக்கு 90 முதல் 135 மி.கி. இது மருந்தின் அளவு. அதை மில்லியாக மாற்றும்போதுதான் தவறு நடக்கிறது. ஒரு மில்லியில் எவ்வளவு மருந்து கலந்திருக்கிறது என்பது பாட்டிலுக்குப் பாட்டில் வேறு. கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸில் பொதுவாக 1 மில்லிக்கு 100 மி.கி. இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மி.கி. என்றும், அதைவிட வீரியமான சிரப்பில் 5 மில்லிக்கு 250 மி.கி. என்றும் இருக்கும். டிராப்ஸ் சின்னக் குழந்தைக்கானது, அதனால் அது மென்மையான மருந்தாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். கைக்குழந்தை அதிகம் விழுங்காது என்பதால் கொஞ்சம் திரவத்திலேயே நிறைய மருந்தை அடக்கியிருக்கிறார்கள்.

உங்கள் மகளுக்கே போட்டுப் பார்ப்போம். 120 மி.கி. சிரப் என்றால் 5 மில்லி சரியான அளவு, கிலோவுக்கு 13 மி.கி. வருகிறது. டிராப்ஸ் 1 மில்லி என்றால் 100 மி.கி., கிலோவுக்கு 11. அதுவும் சரியே. 250 மி.கி. சிரப்பாக இருந்தால் 2.5 மில்லி போதும், அதில் 125 மி.கி. வந்துவிடும். அன்று டிராப்ஸை 5 மில்லி கொடுத்திருந்தால் 500 மி.கி. உள்ளே போயிருக்கும், கிலோவுக்கு 55. ஒரே வேளையில் நாலு மடங்கு மருந்து. அதையே ஒரு நாளில் நான்கு முறை கொடுத்தால் கிலோவுக்கு 220-க்கு மேல் போய்விடும். கல்லீரலைக் கெடுக்கும் அளவு அது.

ஆகவே பாட்டில் கைக்கு வந்ததும் முன்பக்கத்தில் இருக்கும் பெரிய எழுத்துப் பெயரைப் பார்த்தால் மட்டும் போதாது. லேபிளில் "ஒவ்வொரு 5 மில்லியிலும்" அல்லது "ஒவ்வொரு மில்லியிலும்" என்று தொடங்கும் வரியைத் தேடிப் படியுங்கள். அடுத்த முறை வேறு கம்பெனி மருந்து கிடைத்தால் மறுபடி அதே வரியைப் படியுங்கள். "போன தடவை 5 மில்லி கொடுத்தோம்" என்பது போன தடவை பாட்டிலுக்கு மட்டுமே பொருந்தும். டாக்டர் போனில் அளவு சொன்னால், "எந்த வீரியத்துக்கு?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். இரண்டு வீரியத்தில் பாட்டில்களை ஒரே வீட்டில் வைத்திருப்பதே ஆபத்து. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக் காலத்து டிராப்ஸைக் கழித்துவிடுங்கள், திறந்து அவ்வளவு காலமான மருந்து இனி வேண்டாம்.

எடை சரியாகத் தெரிய வேண்டும். கடைசியாகத் தடுப்பூசி போட்டபோது எடுத்த எடை மூன்று மாதத்துக்கு மேல் பழையது என்றால் மறுபடி எடுங்கள். வீட்டில் பெரியவர்கள் ஏறும் எடை மெஷின் இருந்தால் முதலில் நீங்கள் தனியாக ஏறுங்கள், பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். அரைக் கிலோ முன்பின் இருக்கும். அதனால் குறைவான எடையையே கணக்குக்கு எடுங்கள்.

இனி அளக்கும் கருவி. சமையலறைக் கரண்டி வேண்டவே வேண்டாம். "ஒரு டீஸ்பூன்" என்று நாம் சொல்லும் கரண்டிகள் 3 மில்லி பிடிப்பதும் உண்டு, 7 மில்லி பிடிப்பதும் உண்டு. பாட்டில் மூடியாக வரும் கப்பும் 5 மில்லிக்குக் கீழே உள்ள அளவுகளுக்குத் துல்லியம் தராது. மருந்துக் கடையில் ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சு கேட்டு வாங்குங்கள். ஊசியோடு வந்தால் ஊசியை அங்கேயே கழற்றி விட்டுவிட்டு வாருங்கள். முனையில் சின்ன பிளாஸ்டிக் மூடி இருந்தால் அதையும் எடுத்துக் குப்பையில் போடுங்கள், குழந்தையின் தொண்டைக்குள் போய்விடக்கூடிய பொருள் அது. டிராப்ஸ் பாட்டிலோடு வரும் டிராப்பர் அந்தப் பாட்டிலுக்கு மட்டுமே. வேறு மருந்தை அதில் எடுக்கக் கூடாது.

மருந்தை எடுப்பதற்கு முன் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். இதை நிறையப் பேர் செய்வதில்லை. குழந்தைகளுக்கான பாராசிட்டமால் பலவும் கரைசல் கிடையாது, பொடி மிதக்கும் கலவை. வைத்த இடத்தில் இருந்தால் மருந்து அடியில் தங்கிவிடும். குலுக்காமல் ஊற்றினால் முதல் சில வேளைகளுக்கு மருந்து குறைவாகவும், பாட்டில் தீரும் நேரத்தில் அளவுக்கு மிஞ்சியும் போகும். குலுக்கி, சிரிஞ்சில் இழுத்து, முனையை மேலே தூக்கிப் பிடித்துக் காற்றுக் குமிழியை வெளியே தள்ளி, பிறகு கண் மட்டத்தில் வைத்துக் கோட்டைப் பாருங்கள்.

குழந்தையைப் படுக்க வைத்து மருந்து கொடுக்காதீர்கள். மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, சிரிஞ்சு முனையைக் கன்னத்தின் உட்பக்கம், ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் வையுங்கள். நேராகத் தொண்டையைப் பார்த்து அடித்தால் புரையேறும். அரை மில்லி, ஒரு மில்லியாக விட்டு, விழுங்கியதும் அடுத்தது. மூக்கைப் பிடித்து வாயைத் திறக்க வைப்பது கூடவே கூடாது. அழும்போது உள்ளே இழுக்கும் மூச்சோடு மருந்து நுரையீரலுக்குப் போகலாம். பால் பாட்டிலில் மொத்தமாகக் கலந்து கொடுத்தால், மிச்சம் வைத்த பாலில் எவ்வளவு மருந்து நின்றுபோனது என்று யாராலும் சொல்ல முடியாது.

கொடுத்த மருந்தை வாந்தி எடுத்துவிட்டால்? பதினைந்து நிமிடத்துக்குள், மருந்து அப்படியே வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்தீர்கள் என்றால் அதே அளவை ஒரே ஒரு முறை மறுபடி கொடுக்கலாம். அரை மணி நேரம் ஆகிவிட்டால் திருப்பிக் கொடுக்காதீர்கள். பெரும்பகுதி இறங்கியிருக்கும். எவ்வளவு வெளியே வந்தது என்று சந்தேகமாக இருந்தாலும் அடுத்த வேளை வரை காத்திருங்கள்.

நேரத்துக்கு வருகிறேன், நீங்கள் சறுக்கிய இடம் இதுதான். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது 4 மணி நேரம் இருக்க வேண்டும், 6 மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது. 24 மணி நேரத்தில் நான்கு முறைதான். மொத்தம் கிலோவுக்கு 60 மி.கி.யைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருந்தது 120 மி.கி. சிரப் என்றால், அன்று உங்கள் மகளுக்குச் சிரப்பில் 360-ம் டிராப்ஸில் 200-ம் சேர்ந்து 560 மி.கி. போயிருக்கிறது, கிலோவுக்கு 62. வரம்பைச் சற்றே தாண்டியிருக்கிறது. ஒரே ஒரு நாள், நல்ல ஆரோக்கியமான குழந்தை என்பதால் இதனால் கெடுதல் வந்திருக்காது, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் சரியாகச் சாப்பிடாத, வாந்தி எடுக்கும் குழந்தைக்கு இரண்டு மூன்று நாள் தொடர்ந்து இப்படிக் கொஞ்சம் கொஞ்சம் கூடிக்கொண்டே போனால் கல்லீரல் பாதிக்கப்படும். ஒரு பெரிய தவறைவிட இப்படிச் சின்னச் சின்னதாகச் சேரும் தவறைக் கண்டுபிடிப்பது கடினம்.

ஒரு தாளை எடுத்து, மருந்து வைத்திருக்கும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். நேரம், மருந்தின் பெயர், எத்தனை மில்லி, கொடுத்தது யார். இவ்வளவு போதும். அம்மா கொடுத்துவிட்டுத் தூங்கப் போக, அது தெரியாமல் அப்பா அரை மணி நேரத்தில் மறுபடி கொடுப்பது சாதாரணமாக நடக்கிறது. சளிக்கென்று விற்கும் கலவை சிரப்புகளிலும் ஆசனவாயில் வைக்கும் மருந்திலும் பாராசிட்டமால் இருக்கலாம், அவையும் அந்த நான்கு வேளைக் கணக்கிலேயே சேரும். சளி, இருமல் கலவை சிரப்புகளை நான்கு வயதுக்குள் நீங்களாக வாங்கிக் கொடுக்கவே வேண்டாம். பலன் பெரிதாக இல்லை, தூக்கம், படபடப்பு போன்ற தொல்லைகள் உண்டு. பெரியவர்கள் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் வேண்டாம். கால் பங்கு என்று நாம் உடைப்பது ஒருபோதும் சரியாகக் கால் பங்காக வராது. 650 மி.கி. மாத்திரையின் கால் பங்கே 162 மி.கி., உங்கள் மகளுக்கு அது அதிகம்.

"100-க்குக் கீழே இறங்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். பாராசிட்டமால் வேலையைத் தொடங்க அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். நன்றாக வேலை செய்தாலும் இரண்டு, இரண்டரை ஃபாரன்ஹீட் டிகிரிதான் குறைக்கும். 102.6-லிருந்து 100 சொச்சத்துக்கு வந்தது மருந்து வேலை செய்ததற்கு அடையாளம். அதை மருந்து பலிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டதால்தான் மூன்று மணி நேரத்தில் அடுத்த வேளையைக் கொடுத்திருக்கிறீர்கள். தெர்மாமீட்டரை 98.6-க்குக் கொண்டுவருவது நம் வேலை அல்ல. கிருமியோடு போராட உடம்பே ஏற்றிக்கொண்ட சூடு அது. குழந்தையின் உடல் வலியும் சிணுங்கலும் குறைந்து, நாலு வாய் தண்ணீர் குடித்து, கொஞ்சம் தூங்கினால் மருந்தின் வேலை முடிந்தது. 101 இருந்தும் விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு மருந்தே தேவையில்லை. தூங்கும் குழந்தையை எழுப்பி மருந்து கொடுக்கவும் தேவையில்லை. மணிக்கொரு முறை அளப்பதை விடுங்கள், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை போதும். இரவில் தெர்மாமீட்டரைவிட மூச்சு விடும் விதத்தைப் பாருங்கள்.

அளக்கும்போது டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனை அக்குளின் நடுக்குழியில், உலர்ந்த தோலைத் தொட்டு இருக்க வேண்டும். கையை உடம்போடு சேர்த்துப் பிடித்து, சத்தம் வரும்வரை விடாதீர்கள். அக்குளில் காட்டுவது உள்சூட்டைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் குறைவாக இருக்கும். நெற்றிக்கு நேரே காட்டும் கருவிகள் வியர்வையிலும் மின்விசிறிக் காற்றிலும் தவறாகக் காட்டும். கண்ணாடிப் பாதரசத் தெர்மாமீட்டர் இன்னும் வைத்திருந்தால், குழந்தை உள்ள வீட்டில் அதற்கு இடமில்லை.

ஐஸ் தண்ணீரை இனித் தொடாதீர்கள். மூளை உடம்பின் வெப்பத்தை உயர்த்தி வைத்திருக்கும்போது தோலைக் குளிரவைத்தால், தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, சூடு உள்ளேயே தங்கிவிடும். உடம்பு நடுங்கத் தொடங்கும். நடுங்கினால் தசைகள் இன்னும் சூட்டை உண்டாக்கும். நீங்கள் பார்த்த நடுக்கம் அதுதான். ஸ்பிரிட் தடவுவது இதைவிட மோசம், தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் அது குழந்தைக்குள் போகும். கம்பளியால் இறுக்கிப் போர்த்துவதும் தவறு. ஒரு மெல்லிய உடை, காற்றோட்டமான அறை, அவ்வளவே. காய்ச்சல் ஏறும் கட்டத்தில் கை கால் சில்லென்று இருந்து நடுங்கினால் மெல்லிய போர்வை ஒன்று போடலாம், நடுக்கம் நின்றதும் எடுத்துவிடுங்கள். அடிக்கடி பால், தண்ணீர் கொடுங்கள். சாப்பாட்டுக்கு வற்புறுத்த வேண்டாம். வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள்.

இப்போது உங்களைத் தூங்கவிடாத ஃபிட்ஸ். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, 100 குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருகிறது. பெற்றோருக்கு வந்திருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடும். அதனால் உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரவெல்லாம் விழித்திருந்தோ, மருந்தை மணி தவறாமல் கொடுத்தோ அதைத் தடுத்துவிட முடியாது. பல நேரம் காய்ச்சல் ஏறத் தொடங்கும்போதே, வீட்டில் யாரும் கவனிக்கும் முன்பே வந்துவிடும். நீங்கள் செய்யக்கூடியது, வந்தால் என்ன செய்வது என்று தெரிந்து வைத்திருப்பது.

குழந்தையைத் தரையிலோ அகலமான கட்டிலிலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சிலும் வாந்தியும் வாய் ஓரமாக வெளியே வழியட்டும். உடனே கடிகாரத்தைப் பாருங்கள். அந்த நேரத்தில் பத்து நொடி பத்து நிமிடமாகத் தெரியும், அதனால் நினைவை நம்பக் கூடாது. கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள், பக்கத்தில் இடிபடும் பொருளை நகர்த்துங்கள். வாய்க்குள் கரண்டி, துணி, விரல் எதுவும் வைக்காதீர்கள். பல் உடையும், மூச்சுக்குழாய் அடைபடும். நாக்கை விழுங்கிவிடும் என்பது உண்மையில்லை. கை காலை அழுத்திப் பிடிக்க வேண்டாம், தண்ணீரோ மருந்தோ புகட்ட வேண்டாம். இன்னொருவர் இருந்தால் செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், டாக்டருக்கு அது மிகவும் உதவும். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும். 5 நிமிடத்தைத் தாண்டினால், உதடு நீலமானால், நின்ற பிறகும் குழந்தை தெளியாவிட்டால், அல்லது மறுபடி வந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். முதல் முறை வந்தால், அரை நிமிடத்தில் நின்றாலும், அன்றே மருத்துவமனையில் காட்ட வேண்டும். மூளைக்காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்ய வேண்டியிருக்கும். சீக்கிரம் நின்றுவிடும் சாதாரண காய்ச்சல் வலிப்பு மூளையைப் பாதிப்பதில்லை. உங்கள் கணவரே அதற்குச் சாட்சி.

எந்தக் காய்ச்சலுக்குக் காத்திருக்கக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 100.4, அதாவது 38 டிகிரி செல்சியஸ் வந்தாலே, வேறு எதுவும் இல்லாவிட்டாலும், நேரே மருத்துவமனைக்குத்தான். மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று ஒரு மணி நேரமும் கடத்தக் கூடாது. உங்கள் மகள் வயதில் எண்ணைவிடக் குழந்தையின் தோற்றமே முக்கியம். கூப்பிட்டால் கண் திறந்து பார்க்காத மயக்கம், எதையும் குடிக்காமல் இருப்பது, குடித்ததெல்லாம் வாந்தி, எட்டு மணி நேரமாக டயப்பர் நனையாமல் இருப்பது, கழுத்து விறைப்பு, விடாமல் வித்தியாசமாகக் கத்தி அழுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளம்புங்கள். உடம்பில் சிவப்பு, ஊதாப் புள்ளிகள் இருந்தால் கண்ணாடி டம்ளரின் பக்கத்தை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் மறையாமல் தெரிந்தால் அவசரம். மூச்சை, குழந்தை அழாமல் இருக்கும்போது, ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஒரு வயதுக்கு மேல் நிமிடத்துக்கு 40, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, அல்லது அதற்கு மேல் இருந்தால் வேகமான மூச்சு. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும் மூன்று நாளைத் தாண்டும் காய்ச்சலை டாக்டரிடம் காட்ட வேண்டும். பல் முளைக்கிறது என்று 102 காய்ச்சலைத் தள்ளிப்போடாதீர்கள், பல் முளைப்பதால் அவ்வளவு காய்ச்சல் வராது.

அடுத்து யாராவது ஐபுபுரோஃபென் என்ற இன்னொரு காய்ச்சல் மருந்தைக் கொடுக்கச் சொல்வார்கள். டாக்டர் சொல்லாமல் வேண்டாம். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். டெங்குவாக இருக்க வாய்ப்புள்ள இடத்தில், காலத்தில், ரத்தக்கசிவை அதிகப்படுத்தும். அம்மை போட்டிருந்தாலும் ஆகாது. பாராசிட்டமாலும் அதுவும் மாற்றி மாற்றிக் கொடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டால் நேரக் கணக்கு எளிதில் குழம்பிவிடும். ஆஸ்பிரின் பதினாறு வயதுக்குள் காய்ச்சலுக்குக் கொடுக்கவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய்க்கு அது வழிவிடும். போன முறை மிச்சமான ஆன்டிபயாடிக்கையும் எடுக்காதீர்கள்.

கடைசியாக, என்றாவது அளவு தவறிவிட்டால், அல்லது குழந்தையே பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டால், "நன்றாகத்தானே இருக்கிறாள்" என்று காத்திருக்காதீர்கள். பாராசிட்டமால் மிகையானால் முதல் நாள் ஒன்றுமே தெரியாது, மிஞ்சினால் வாந்தி இருக்கும். கல்லீரல் பாதிப்பு இரண்டாம், மூன்றாம் நாள்தான் வெளியே தெரியும். மாற்று மருந்து உண்டு, அசிட்டைல்சிஸ்டீன். 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நன்றாகக் காப்பாற்றும். வாந்தி எடுக்க வைக்க முயலாமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள், கதவில் ஒட்டிய தாளையும் கிழித்து எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வீரியம், எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு என்பதுதான் அங்கே முதலில் கேட்கப்படும்.